பழைய கணினி, புதிய மொனிற்றர்: ஒரு நெடுங்கேள்விக்குத் தரப்பட்ட விடைகள்

பழைய கணினியொன்றில் புதிய மொனிற்றரைச் சரியாக இயங்க வைப்பது எப்படி? ஐபிஎம் நிறுவனம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்னும் காட்சிமுறையை அறிமுகப்படுத்தியபோதே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. அதற்கு முந்திய சிஜிஏ, இஜிஏ கணினிகளை வைத்திருந்தவர்களால் புதிய விஜிஏ திரையைப் பயன்படுத்த முடியவில்லை. செருகியின் ஊசிகளும் பொருந்தவில்லை, சமிக்ஞையின் மீடிறனும் பொருந்தவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஒரு விடையைச் சொல்லியிருக்கிறது. கேபிளை மாற்று என்றார்கள், ட்ரைவரைப் புதுப்பி என்றார்கள், கார்ட் போடு என்றார்கள், கடைசியில் கணினியையே மாற்று என்றார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் குறிப்பிட்ட தடையைத் தீர்க்கப் பிறந்தவை. எந்தத் தடை என்று பாராமல் கையில் கிடைத்த விடையைப் பிடித்துக்கொள்ளும்போது பணமும் நாளும் வீணாகின்றன. அந்த விடைகளின் பிறப்பையும் பலவீனங்களையும், திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் நிலைமைகளை முன்வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

துறைமுகப் பட்டினத்தில் கேள்வி எழும் விதம்

மாவட்டச் செயலகம், நீதிமன்றம் ஆகியவற்றை அண்டித் தட்டச்சு நிலையங்களும் போட்டோக்கொப்பிக் கடைகளும் பிழைப்பது இலங்கை நகரங்கள் எல்லாவற்றிலும் காணக்கூடியது. உறுதி, சத்தியக்கடதாசி, விண்ணப்பம், கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் என்று தமிழில் அடிக்க வேண்டியதெல்லாம் அங்கேதான் அடிக்கப்படுகின்றன. இந்த வேலை நீண்ட காலம் பாமினி எழுத்துருவிலும் பேஜ்மேக்கர் மென்பொருளிலும் நடந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். இருபது வருடக் கோப்புகள், பழகிய விசைப்பலகை, சமாந்தரப் போர்ட்டில் செருகிய டொட் மெட்ரிக்ஸ் பிரின்ரர் எல்லாம் சேர்ந்து ஒரு பழைய கணினியை மேசையில் நிறுத்தி வைத்திருக்கின்றன. பாடசாலைக் கணினி அறையிலும் சங்க அலுவலகத்திலும் காரணங்கள் வேறாக இருக்கலாம். முடிவு ஒன்றுதான்.

இப்படிப்பட்ட அமைப்பில் முதலில் சாவது பெரும்பாலும் மொனிற்றர். பழைய சிஆர்டி திரைக்குள் 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் ஓடியது. அந்த அழுத்தம் தூசியை இழுக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் தூசியோடு உப்பும் ஈரமும் சேர்கின்றன. உள்துறைமுகத்துக்கும் பின்குடாவுக்கும் இடைப்பட்ட நிலத்தில் எந்தக் கட்டடமும் உப்புக்காற்றுக்கு வெகுதூரத்தில் இல்லை. உலோகத் தொடுப்புகள் அரிபடுவது கரையோரங்களில் எல்லாரும் அறிந்தது. கணினிப் பெட்டிக்குள் ஒரு ராம் துண்டைக் கழற்றித் துடைத்துப் போட்டால் மீண்டும் உயிர் வரும். சிஆர்டிக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

செத்த திரைக்குப் பதிலாகக் கடையில் கிடைப்பது அகலத்திரை மொனிற்றர்தான். பழைய 4:3 வடிவம் படிப்படியாக ஒதுங்க, 2008ஐ அண்டிய ஆண்டுகளில் உற்பத்தியாளர்கள் 16:9க்கு மாறினார்கள். 1366க்கு 768, 1920க்கு 1080 என்னும் அளவுகள் சந்தையை நிறைத்தன. 2006இல் வாங்கிய கணினிக்கு அந்த அளவுகளின் பெயரே தெரியாது. அதில் செருகினால் நேர்வது என்ன என்பதிலிருந்துதான் விடைகள் பிரிகின்றன.

பணநிலையும் இதில் சேர்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த பெறுமதி, அதே ஆண்டு மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிப் பொருளான கணினியை முழுதாக மாற்றும் எண்ணம் அன்று பல சிறு நிலையங்களின் கைக்கு எட்டாமல் போனது. மொனிற்றரை மட்டும் மாற்றுவோம் என்ற தீர்மானத்துக்கு இந்தப் பின்னணியில் நியாயம் இருந்தது. மின்சாரக் கணக்கும் அதற்குத் துணைநின்றது. 17 அங்குலச் சிஆர்டி பொதுவாக 70 முதல் 80 வாட் இழுத்தது. 19 அங்குல எல்ஈடி திரைக்கு 20 வாட் அளவு போதும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளின்போது யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை இந்த வித்தியாசமும் தீர்மானித்தது.

‘சரியாக’ என்றால் என்ன

விடைகளை எடைபோடுமுன் அளவுகோல் வேண்டும். படம் தெரிந்தால் போதும் என்பது மிகத் தாழ்ந்த அளவுகோல். இந்தத் துறையில் தரப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன.

சிஆர்டிக்கு நிலையான பிக்சல் அமைப்பு இல்லை. 640க்கு 480 அனுப்பினாலும் 1024க்கு 768 அனுப்பினாலும் இலத்திரன் கற்றை அதற்கேற்ப வரைந்துவிடும். எல்சிடி, எல்ஈடி திரைகளில் பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. 1920க்கு 1080 திரைக்கு அதே அளவில் படம் வந்தால் கணினி வரையும் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் விழும். வேறு அளவில் வந்தால் திரை தானே கணக்குப் போட்டு இழுத்து நிரப்பும். 1024க்கு 768 படத்தை அந்தத் திரை முழுக்க இழுக்கும்போது நெடுக்கில் 1.41 மடங்கும் குறுக்கில் 1.88 மடங்கும் பெருகுகிறது. வட்டம் நீள்வட்டமாகும். ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியாக வேண்டிய இடத்தில் ஓரங்கள் சாம்பலாகக் கரையும்.

ஆங்கில எழுத்து இந்த இழுபறியை ஓரளவு தாங்குகிறது. தமிழ் எழுத்து தாங்குவதில்லை. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி சிறிய அளவில் ஒன்றிரண்டு பிக்சல் மட்டுமே. அது கரைந்தால் ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒன்றாகிவிடும். ‘ன’, ‘ண’ இரண்டுக்கும் சுழி எண்ணிக்கைதான் வித்தியாசம். விண்டோஸ் எக்ஸ்பியோடு 2001இல் பரவிய கிளியர்டைப் என்னும் எழுத்துத் துலக்க முறை, பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல உபபிக்சல்களைத் தனித்தனியே பயன்படுத்துவது. திரையின் இயல்பளவில் அது அழகாக வேலை செய்யும். இழுத்த படத்தில் அதே முறை எழுத்தோரங்களில் நிறக்கசிவை உண்டாக்கும். ஒரு காணி உறுதியில் பெயரைச் சரிபார்க்கும் தட்டச்சாளருக்கு இது கண்வலி மட்டும் தரும் விடயமாக இராது. புள்ளி தவறிய பெயர் பிறகு திருத்தச் சத்தியக்கடதாசியில்தான் முடியும்.

எனவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இது: திரையின் இயல்பான பிக்சல் எண்ணிக்கையில், இழுக்காமல், 10 புள்ளி அளவுத் தமிழ் எழுத்துத் தெளிவாகப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் பார்த்தால் பிரபலமான சில விடைகள் பின்வாங்குகின்றன.

முதல் நிலைப்பாடு: கேபிளையும் செருகியையும் பார்

மிகப் பழையதும் மிகப் பரவலானதுமான விடை இது. கணினியில் 15 ஊசி விஜிஏ, மொனிற்றரில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் இடையில் ஓர் அடப்டர் போட்டால் முடிந்தது என்பது இதன் சாரம். 1999இல் வந்த டிவிஐ, 2002 முடிவில் வந்த எச்டிஎம்ஐ, 2006இல் வந்த டிஸ்பிளேபோர்ட் என்று செருகிகள் பெருகப் பெருக இந்த விடைக்கு வலு கூடியது.

இதன் பலவீனம் சமிக்ஞையின் இயல்பைப் புறக்கணிப்பதில் இருக்கிறது. விஜிஏ அனலொக் முறை. எச்டிஎம்ஐ டிஜிட்டல். டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற வெறும் செருகி மாற்றம் போதும், ஏனெனில் இரண்டும் ஒரே டிஜிட்டல் சமிக்ஞையைச் சுமக்கின்றன. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற அனலொக்கை எண்ணாக மாற்றும் ஒரு சிப் வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டும். பெரும்பாலும் யூஎஸ்பி வழியாகவே அது கொடுக்கப்படுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் கணிசமானவை எதிர்த்திசைக்கு, அதாவது எச்டிஎம்ஐ கணினியிலிருந்து விஜிஏ திரைக்குச் செய்யப்பட்டவை. இரண்டு முனையும் பொருந்துகிறதே என்று அதை வாங்கித் திருப்பிப் போட்டால் எதுவும் நடக்காது. வாங்குமுன் எந்தப் பக்கம் கணினி, எந்தப் பக்கம் திரை என்று கடைக்காரரிடம் சொல்லிக் கேட்பது பல நூறு ரூபாயைக் காக்கும்.

மொனிற்றரிலேயே விஜிஏ இருந்தால் மாற்றி தேவையில்லை. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சுங், எல்ஜி ஆகியவை சேர்ந்து விஜிஏயைக் கைவிடப் போவதாக அறிவித்தன. 2015 அளவில் இன்டெலும் ஏஎம்டியும் அதை நிறுத்தும் என்பது அன்றைய திட்டம். ஆயினும் மலிவு விலை மொனிற்றர்களில் அந்த நீலச் செருகி அதன் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. பழைய கணினி வைத்திருப்பவர் மொனிற்றர் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் அம்சம் இதுவே என்பது என் கருத்து. அங்குலம், நிறம், கேமிங் வேகம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

விஜிஏயில் நேரே இணைத்தாலும் ஒரு வேலை மிஞ்சும். அனலொக் அலையை எந்தக் கணத்தில் அளப்பது என்று திரை தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணம் சற்றுப் பிசகினால் எழுத்து நடுங்கும், நிலைக்குத்தான பட்டைகள் தோன்றும். மொனிற்றரின் மெனுவில் உள்ள ‘ஓட்டோ’ பொத்தான் இதைச் சரிசெய்கிறது. வெறுமையான டெஸ்க்டொப்பில் அழுத்தினால் அது தவறாகக் கணிக்கக்கூடும். பக்கம் முழுக்க எழுத்து நிறைந்த ஆவணத்தைத் திறந்து வைத்து அழுத்தினால் நன்றாகக் கணிக்கும். காசு செலவில்லாத இந்தச் சிறு காரியம் அறிவுரைகளில் மிக அரிதாகவே இடம்பெறுகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: இரண்டும் தாமே பேசிக்கொள்ளும்

1994இல் வீசா என்னும் காட்சித்தரச் சங்கம் ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. மொனிற்றருக்குள் ஒரு சிறு நினைவகம். அதில் 128 பைற் தகவல். என் பெயர் இது, அகலம் இவ்வளவு, நான் தாங்கும் அளவுகள் இவை என்று திரையே கணினிக்குச் சொல்லும். இடிஐடி எனப்படும் இந்தத் தகவல் விஜிஏ கேபிளின் 12ஆம், 15ஆம் ஊசிகள் வழியாகச் செல்கிறது. இதை நம்புகிறவர்கள், பயனர் எதையும் செய்யத் தேவையில்லை, செருகினால் போதும் என்பார்கள். புதிய கணினிகளில் அது பெருமளவு உண்மை.

பழைய கணினியில் இந்தப் பேச்சு பல இடங்களில் அறுபடுகிறது. மலிவான விஜிஏ கேபிள்கள் சிலவற்றில் அந்த இரு ஊசிகளுக்கும் கம்பியே ஓடுவதில்லை. நீட்டுக் கேபிளிலும், இரண்டு கணினிக்கு ஒரு திரை வைக்கும் சுவிட்ச் பெட்டியிலும் இதே குறை இருப்பதுண்டு. தகவல் வராவிட்டால் விண்டோஸ் பாதுகாப்பான ஒரு சிறிய அளவுக்குச் சென்று நின்றுவிடும். பயனர் கணினியின் வயதைக் குறைசொல்வார். குற்றம் கேபிளில் இருக்கும். உப்புக் காற்றில் பச்சை பூத்த ஊசிகளும் இதே விளைவைத் தரலாம் என்பதால், எதையும் வாங்குமுன் வேறொரு நல்ல கேபிளை இரவல் வாங்கிப் பார்ப்பதே இங்கு முதற்படியாக இருக்க வேண்டும்.

இன்னும் ஆழமான குறை இடிஐடியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதன் சுருக்கப் பட்டியலில் அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எழுத முடியும். 1366ஐ எட்டால் வகுத்தால் 170.75 வரும். ஆகவே உலகில் மிக அதிகம் விற்ற அகலத்திரை அளவுகளில் ஒன்றை அந்தப் பட்டியலில் எழுதவே வழியில்லை. விரிவான விவரப்பகுதியில் சரியான எண்ணை எழுதலாம். ஆனால் பழைய கிராபிக்ஸ் சிப்கள் பலவும் எட்டின் மடங்கான அகலத்தையே ஏற்றன. அதனால்தான் 1366 திரையை இணைத்தவர்கள் பலர் 1360 என்ற எண்ணை மட்டுமே கண்டார்கள். ஆறு பிக்சல் வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். திரை அந்த ஆறையும் நிரப்ப முழுப் படத்தையும் மெல்ல இழுத்தால், சீரான இடைவெளியில் சில எழுத்துகள் மட்டும் மங்கலாகும். இழுக்காமல் ஓரத்தில் கறுப்புவிட்டால் எழுத்து தெளிவாகவே இருக்கும். எந்த மொனிற்றர் எதைச் செய்யும் என்பது பெட்டியில் எழுதப்பட்டிருக்காது. இந்தக் காரணத்தாலேயே, பழைய கணினிக்கு 1366 திரையைவிட 1920 திரை பல வேளைகளில் பொருத்தமானது. 1920 எட்டால் சரியாக வகுபடும்.

பெரிய திரையைப் பழைய கணினி தாங்குமா என்ற தயக்கம் இங்கே எழும். 1920க்கு 1080 படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப, பொதுவான கணக்கில் 148.5 மெகாஹேர்ட்ஸ் பிக்சல் வேகம் வேண்டும். 2005இல் வந்த இன்டெல் 945ஜி சிப்செட்டின் அனலொக் வெளியீடு 400 மெகாஹேர்ட்ஸ் வரை இயங்கக்கூடியது. 2048க்கு 1536 வரை அது வரையும். ஆகவே வன்பொருளில் பலம் தாராளமாக இருந்தது. அந்த அளவின் பெயர்தான் ட்ரைவரின் பட்டியலில் இல்லை. பழைய கணினி ‘முடியாது’ என்று சொல்லும் இடங்களில் கணிசமானவை இப்படிப்பட்டவையே. அடுத்த நிலைப்பாடு இந்த இடைவெளியிலிருந்துதான் பிறந்தது.

மூன்றாம் நிலைப்பாடு: பட்டியலைத் திருத்து

இது மென்பொருளாரின் விடை. முதற்படி எளிது: விண்டோஸ் தானே போட்ட பொது ட்ரைவரை நீக்கி, சிப்செட் நிறுவனத்தின் கடைசி ட்ரைவரைப் போடுவது. அகலத்திரை அளவுகள் பல, பின்னர் வந்த ட்ரைவர்களில்தான் சேர்க்கப்பட்டன. கணினியோடு வந்த சீடியில் இருப்பது முதல் பதிப்பு என்பதால் அதையே திரும்பத் திரும்பப் போடுவதால் பயனில்லை.

அதற்கும் அசையாதபோது பட்டியலில் புதிய அளவைக் கையால் எழுதும் கருவிகள் வந்தன. விண்டோஸில் பவர்ஸ்ட்ரிப் அப்படிப்பட்டது. லினக்ஸில் 915ரெசலூஷன் என்ற சிறு நிரல், இன்டெல் கிராபிக்ஸின் பயோஸ் அட்டவணை நினைவகத்தில் ஏறியபின் அதில் ஒரு வரியை மாற்றி, இல்லாத அளவை உண்டாக்கியது. பின்னாளில் லினக்ஸின் இன்டெல் ட்ரைவர் பயோஸைக் கேளாமலே அளவுகளை அமைக்கக் கற்றுக்கொண்டதால் அந்த நிரல் தேவையற்றுப் போனது. அதன்பின் லினக்ஸில் இரண்டு கட்டளைகளே போதுமாயின. சிவிடி என்பது வேண்டிய அளவுக்குரிய நேரக் கணக்கைத் தரும், எக்ஸ்ராண்டர் அதைத் திரைக்கு ஏற்றும். இந்த நேரக் கணக்குக்கு வீசா 2003இல் ஒரு தரம் வகுத்தது. அதில், வரிகளுக்கிடையே படமின்றிக் கழியும் வெற்றிடைவெளியைக் குறைத்தெழுதும் ஒரு வகை உண்டு. அதைப் பயன்படுத்தினால், இந்தத் தரத்தின் வழக்கமான கணக்கில் 1920க்கு 1080க்குத் தேவைப்படும் வேகம் 173இலிருந்து 138.5 மெகாஹேர்ட்ஸாகக் குறைகிறது. ஒற்றை இணைப்பு டிவிஐயின் எல்லை 165 மெகாஹேர்ட்ஸ் என்பதால், சில கணினிகளில் படம் வருமா வராதா என்பதை இந்த வித்தியாசமே முடிவுசெய்யும்.

லினக்ஸுக்கு மாறிவிடுங்கள், பிரச்சினை தீரும் என்று இந்தத் தரப்பில் சிலர் இதை முழு விடையாக்குகிறார்கள். பழைய இன்டெல் சிப்களைப் பொறுத்தவரை காட்சிப் பிரச்சினை உண்மையிலேயே பெரும்பாலும் தீர்கிறது. பாமினியில் அடித்த பேஜ்மேக்கர் கோப்புகளோடு வாழும் தட்டச்சு நிலையத்துக்கு அது விடையாகாது. கணினி அங்கே இருப்பதே அந்த மென்பொருளுக்காக. பாடசாலை ஆய்வுகூடத்துக்கோ நூலகத்துக்கோ இதே யோசனை மிகவும் பொருத்தமாக இருக்கலாம்.

தவறான அளவை ஏற்றினால் திரை ‘அவுட் ஒஃப் ரேஞ்ச்’ என்று எழுதிக் கறுத்துவிடும். கணினி பழுதாகிவிட்டது என்ற பயம் அப்போது வருவது இயல்பு. எக்ஸ்பியில் தொடக்கத்தில் எஃப்8 அழுத்தினால் வரும் பட்டியலில் விஜிஏ முறையைத் தெரிந்தால் சிறிய அளவில் கணினி திறக்கும், அங்கிருந்து திருத்திக்கொள்ளலாம். பழைய சிஆர்டி சிலவற்றுக்கு அளவுமீறிய மீடிறன் சேதம் விளைத்ததுண்டு. புதிய திரைகள் பொதுவாகத் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன.

எதுவும் சரிவராவிட்டால் மொனிற்றரின் மெனுவில் 4:3 என்ற தெரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1024க்கு 768 படம் அப்போது 1440க்கு 1080 ஆக, இரு திசையிலும் ஒரே மடங்கில் பெருகும். இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். எழுத்தின் உருவம் சிதையாது. முன்பு வைத்த அளவுகோலை இது எட்டவில்லை என்றாலும் இழுத்த படத்தைவிட எவ்வளவோ மேல். தொலைக்காட்சியை மொனிற்றராகப் பயன்படுத்துவோருக்கு வேறொரு தொல்லை உண்டு. படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டும் பழைய வழக்கத்தைத் தொலைக்காட்சிகள் இன்னும் விடவில்லை. ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்ற தெரிவைப் போட்டால் டாஸ்க்பார் திரும்பி வரும்.

நான்காம் நிலைப்பாடு: கார்ட் போடு

இலங்கைக் கடைகளில் ‘விஜிஏ கார்ட்’ என்று கேட்கப்படும் கிராபிக்ஸ் அட்டையைச் சேர்ப்பது பழுதுபார்ப்போர் அதிகம் விரும்பும் விடை. காரணம் நியாயமானது. மதர்போர்ட்டின் சிப்பையும் அதன் ட்ரைவரையும் ஒரே அடியில் ஒதுக்கிவிடலாம். 2009இன் ஜீஃபோர்ஸ் 210 போன்ற பழைய சிறு அட்டைகள் செகண்ட்ஹேண்டில் கிடைத்தால், விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் ஒன்றாக வரும்.

தடைகள் மூன்று இடத்தில் நிற்கின்றன. 2004க்கு முந்திய போர்ட்களில் ஏஜிபி துளைதான் இருக்கும். அதற்கான அட்டை இன்று அரிது. அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு இறக்குமதியாகும் பிராண்டட் பெட்டிகள் பல ஒடுங்கியவை, அரை உயர அட்டையை மட்டுமே ஏற்கும். மூன்றாவது ட்ரைவர். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதி நிறுத்தியபின், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அட்டை நிறுவனங்களும் அதைக் கைவிட்டன. ஆகவே எக்ஸ்பி கணினிக்குப் பழைய அட்டைதான் புதியதைவிட உகந்தது.

பிராண்டட் பெட்டி வைத்திருப்போர் கார்ட் வாங்குமுன் பின்புறத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. டெல் ஒப்டிபிளெக்ஸ் 780 போன்றவற்றில் விஜிஏக்குப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட்டும் இருக்கிறது. யாரும் தொடாத அந்தச் செருகியே போதுமான விடையாக இருக்கக்கூடும்.

துறைமுகத் தொழிலின் தனிவகை

திருகோணமலையின் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளும், பிரீமா மா ஆலையும், சீமெந்து ஆலையும் உள்ளன. கப்பலும் ஆலையும் உள்ள எந்தத் துறைமுகத்திலும் அலுவலகக் கணினிக்கு வெளியே இன்னொரு வகை இருக்கும்: இயந்திரத்தோடு சேர்ந்து வந்த கட்டுப்பாட்டுத் திரை. 1980களின் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல சிஜிஏ, இஜிஏ தரத்தில் அமைந்தவை. அவற்றின் கிடைவரி மீடிறன் முறையே 15.7, 21.8 கிலோஹேர்ட்ஸ். விஜிஏ தொடங்குவது 31.5இல். புதிய மொனிற்றர்கள் பெரும்பாலும் 30க்குக் கீழே எதையும் ஏற்பதில்லை. இங்கே கேபிளும் ட்ரைவரும் உதவா. வரிகளைச் சேமித்து இரட்டிப்பாக்கி அனுப்பும் மாற்றிப் பலகைதான் வழி. மலிவானவை உண்டு, படத்தின் நிலைத்தன்மை அவற்றில் மாறுபடும். ஓர் இயந்திரம் முழுவதும் ஒரு திரைக்காக நிற்கும் நிலையில் அந்தப் பலகையின் விலை பொருட்டல்ல. ஆனால் பாதுகாப்போடு தொடர்புடைய கருவிகளில், உற்பத்தியாளர் அங்கீகரிக்காத திரையைப் பொருத்துவது தொழில்நுட்பத்தால் மட்டும் தீர்மானிக்கக்கூடிய விடயமில்லை.

ஐந்தாம் நிலைப்பாடு: கணினியையே மாற்று

கடைசி விடை எல்லாவற்றிலும் சுருக்கமானது, பாதுகாப்பு நோக்கில் வலுவானதும் கூட. எக்ஸ்பியின் காலம் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10 ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்தன. இணையத்தில் இணைந்த பழைய கணினிக்கு நல்ல திரை கொடுப்பது ஆபத்தைத் தெளிவாகப் பார்க்க உதவுமே தவிரக் குறைக்காது. இந்த வாதத்தை மறுக்க முடியாது.

பொதுத் திட்டங்களின் வரலாறும் இந்த விடையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஈ-ஸ்ரீலங்கா திட்டத்தின்கீழ் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் நாடெங்கும் நெனசல அறிவகங்களை அமைத்தது. 2014இல் அதற்குக் கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. கிராமத்துக்குக் கணினியைக் கொண்டுசேர்த்த பெரும் பணி அது. எந்தத் திட்டமும் இயந்திரத்தை வழங்கும் நாளைக் கொண்டாடுகிறது. எட்டாம் ஆண்டில் ஒரு திரை மட்டும் செத்தால் யார், எந்த நிதியில், எதைக் கொண்டு மாற்றுவது என்பது பெரும்பாலும் அந்தந்த நிலையத்தின் தலையில் விழுகிறது. மாற்று என்ற விடை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைக் கேட்காமல் அதை ஏற்க முடியாது.

கழிவின் கணக்கும் உண்டு. சிஆர்டியின் புனற்பகுதிக் கண்ணாடியில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈயம் இருக்கும். இலங்கையில் 2008இல் வந்த தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் இலத்திரனியல் கழிவை அட்டவணைப்படுத்திய கழிவாகக் கொண்டு, கையாள்வோர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற வேண்டும் என்கின்றன. செத்த திரையைக் குடாக்கரையில் தள்ளிவிடுவது அந்தக் கடலுக்கே ஈயத்தைக் கொடுப்பது. புதிய மொனிற்றர் பற்றிப் பேசும் எந்த விடையும் பழையது எங்கே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இதுவரை அது சொல்லப்பட்டது மிகக் குறைவு.

திறந்திருப்பவை

ஐந்து விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவற்றின் சண்டை பெருமளவு வரிசை பற்றியது என்று தோன்றுகிறது. மொனிற்றர், கேபிள், ட்ரைவர், சிப் ஆகிய நான்கில் எது மிகப் பலவீனமோ அதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. இப்பகுதியின் நிலைமையில் காசில்லாத சோதனைகளை முதலில் செய்வதே நியாயமான ஒழுங்கு: ஊசிகளைத் துடைத்தல், வேறு கேபிள், ஓட்டோ பொத்தான், கடைசி ட்ரைவர். அதன்பின் கையால் எழுதிய அளவு, பிறகு பழைய அட்டை. விஜிஏ செருகியுள்ள 1920 திரை இந்த வரிசையைக் குறுக்குகிறது.

தீராதவை சில இருக்கின்றன. விஜிஏ செருகி மலிவு மொனிற்றர்களில் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை 2010இன் அறிவிப்பு பொய்த்த விதத்தைப் பார்த்தபின் யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். அது போனபின் சிறு மாற்றிகளையே நம்ப வேண்டும். அவற்றில் சில திரையின் இடிஐடியை அப்படியே கடத்துகின்றன, சில தாமே ஒரு பொய்ப் பட்டியலைக் கொடுக்கின்றன. வாங்குபவருக்கு இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளம் பெட்டியில் இல்லை.

எக்ஸ்பி கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அச்சு வேலைக்கு மட்டும் வைத்திருப்பது எவ்வளவு பாதுகாப்பானது என்பதும் விவாதத்துக்குரியது. அலுவலகங்கள் கோப்புகளை யூஎஸ்பி பென்டிரைவில் கொண்டுவரும் வரை துண்டிப்பு முழுமையாகாது.

இவற்றைவிடப் பெரியது கோப்புகளின் கேள்வி. 2008இல் எஸ்எல்எஸ் 1326 தரம் வந்தபோது இலங்கையில் தமிழுக்கு ஒருங்குறி வழி முறைப்படி திறந்தது. பாமினி எழுத்தை ஒருங்குறியாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன, எழுத்துக்கு எழுத்து அவை நன்றாகவே வேலை செய்கின்றன. பேஜ்மேக்கரில் கட்டிய பக்க அமைப்பு அவற்றில் தப்புவதில்லை: அட்டவணைகள், பத்தியிடைவெளி, படங்களைச் சுற்றி ஓடும் எழுத்து எல்லாவற்றையும் மீண்டும் கட்ட வேண்டும். இருபது ஆண்டுச் சஞ்சிகைகளும் மலர்களும் அந்த வடிவத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பெயர்த்தெடுக்கும் வேலையை அச்சகங்கள் தனித்தனியே செய்வதா, பல்கலைக்கழக வளாகமோ நூலகமோ பொறுப்பேற்பதா என்பது முடிவாகாதவரை, அந்தக் கோப்புகளைத் திறக்கும் கணினிகளும் அவற்றுக்குத் திரை தேடும் வேலையும் தொடர்ந்தபடியே இருக்கும்.